பதினொரு சென்டிமீட்டர்

இரு நாட்டு நீர்க் கூட்டுக்குழுவுக்கு
மொழிபெயர்ப்பாளர் நான்.
மேல்கரைக்காரர்கள் தண்ணீரை ‘சூ’ என்பார்கள்,
கீழ்கரைக்காரர்கள் ‘சுவ்’.
உதட்டைக் கொஞ்சம் மடிப்பதற்குத்தான்
எனக்குச் சம்பளம்.

பெர்கானா சமவெளியின் விளிம்பில் ஒரு பாலம்.
அதன் தூண்களில் இரண்டு அளவுகோல்கள்,
வெள்ளை எனாமலில் கறுப்புக் கோடுகள்.
மேல்கரைத் தூணைச் சபர்கூல் படிக்கிறாள்,
கீழ்கரைத் தூணை ஹோஷிம்.
காலை எட்டு மணிக்கு,
பனி கொட்டினாலும்.

ஒரு வசந்தத்து வெள்ளம்
ஹோஷிமின் பலகையைப் பிடுங்கிப் போட்டது.
திரும்ப அறைந்தவனுக்கு அவசரம்,
பதினொரு சென்டிமீட்டர் மேலே ஏற்றி அறைந்துவிட்டான்.
அன்று முதல் ஒரே ஆறு
இந்தக் கரையில் நூற்று நாற்பத்து மூன்று,
அந்தக் கரையில் நூற்று முப்பத்து இரண்டு.

பதினொன்று என்பது
ஒரு பேனாவைவிடக் குட்டை.
ஆற்றின் அகலத்தால் பெருக்கினால்
ஒரு வட்டாரத்துப் பருத்தி.
ஜூலை மாதத்தால் பெருக்கினால்
முந்நூறு குடும்பத்து நெல்.
தேர்தலால் பெருக்கிய வருஷம்
பாலத்தடியில் ஒரு பீரங்கி வண்டி
நாற்பது நாள் நின்றது.
அதன் நிழலில் ஆடுகள் படுத்திருந்தன.

குளிர்காலத்தில் மேலே விளக்கெரிய வேண்டும்,
அணையைத் திறக்கிறார்கள்.
கீழே உறைந்த வயலில்
வேண்டாத வெள்ளம்.
கோடையில் கீழே பயிர் வாடுகிறது,
மேலே அடுத்த குளிருக்குச் சேமிக்கிறார்கள்.
இரண்டு பேர் மீதும் தப்பில்லை.
தப்பிருந்தால் என் வேலை
இன்னும் சுலபமாயிருக்கும்.

கூட்டம் ஒன்பது மணி நேரம்.
மேசையில் ஜார்ஜிய நாட்டு மினரல் வாட்டர்,
இரு தரப்புக்கும் எண்ணி வைத்த பாட்டில்கள்.
ஆய்வாளர் ஐஜர்கின்
முப்பது வருஷத்து அளவுகளைக் கேட்டாள்.
ராணுவ ரகசியம் என்றது ஒரு தரப்பு.
கோப்பு அறையை எலி தின்றது என்றது இன்னொன்று.
பனிப்பாறையின் படம் ஒன்றைச் சுவரில் காட்டினாள்,
பக்கத்தில் அதே பாறை, அவள் பிறந்த வருஷம்.
யாரோ ஜன்னலைத் திறந்தார்கள்.
“நாம் பங்கு போடுவது இதை” என்றாள்.
இது நிகழ்ச்சிநிரலில் இல்லையே என்றார் தலைவர்.
நான் மொழிபெயர்த்தேன்.
போன ஒப்பந்தம் நீர்மேல் எழுத்து என்று
பின்வரிசையில் ஒருவர் முணுமுணுத்தார்.
அதை மொழிபெயர்க்கவில்லை.

தேநீர் இடைவேளை.
சாட்சி சொல்ல அழைத்துவந்து
கடைசிவரை ஒரு கேள்வியும் கேட்கப்படாத
சபர்கூலும் ஹோஷிமும்
தாழ்வாரத்தில் நின்றார்கள்.
அவன் பையில் உலர்ந்த வாதாங்கொட்டை,
அவள் பையில் கோடு போட்ட பள்ளி நோட்டு.
நான் தேவைப்படவில்லை அங்கே.

“இருபத்தாறு வருஷம்” என்றாள் அவள் என்னைப் பார்த்து.
“எட்டே காலுக்கு இவர் போன் செய்வார்.
தன் எண்ணோடு பதினொன்றைக் கூட்டுவார்,
நான் என்னுடையதைச் சொல்வேன்.
பொருந்தினால் இதில் எழுதுவோம்.
பொருந்தாவிட்டால்
இரண்டு பேரும் மறுபடி ஆற்றுக்குப் போவோம்.”

ஐஜர்கின் கை நடுங்க நோட்டைப் புரட்டினாள்.
கிடைக்காத முப்பதில் இருபத்தாறு
பென்சிலில் இருந்தது,
ஓரங்களில் யாரோ குழந்தையின் பெருக்கல் வாய்ப்பாடு.
உள்ளே ஓடி மேசைமேல் வைத்தாள்.
இதில் முத்திரை இல்லையே என்றார்கள்,
முதல் முறையாக இரு தரப்பும்
ஒரே குரலில்.

தீர்மானம்: பணிக்குழு ஒன்று.
பணிக்குழுவுக்கு ஓர் உபகுழு.
நிதி தரும் நாடு ஒன்று
சூரியத் தகடு பொருத்திய தானியங்கிக் கருவியை
பாலத்தின் நடுவில் மாட்டிக் கொடுத்தது.
ரிப்பன் வெட்டிய அமைச்சர்களின் கைதட்டலுக்கு
மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் காலை எட்டுக்கு நானும் போயிருந்தேன்.
கருவியின் பச்சை எழுத்தில்
நூற்று முப்பத்து எட்டு.
சபர்கூல் தன் தூணை எட்டிப் பார்த்தாள்,
கருவியைப் பார்த்தாள்,
போனை எடுத்தாள்.

“ஹோஷிம், இதற்கு எவ்வளவு கூட்டணும்?”